நூலகத்தின் சாவி யாரிடம்?

பிறர் பொருளைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர் அப்பொருளுக்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. கோவில் நிலம், பங்கு நிதி, பள்ளி அறக்கட்டளை ஆகியவற்றைப் பொறுத்தவரை இதை நாம் எவரும் மறுப்பதில்லை. கணக்கேட்டைப் பூட்டிச் சாவியை வெளியார் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, கணக்குப் பார்க்க வேண்டும்போதெல்லாம் அவர் வாயிலில் போய் நிற்கும் பொருளாளரை எந்தப் பங்கு மக்களும் பொறுத்துக்கொள்ளமாட்டார்கள். ஆயினும் நம் கல்லூரிகளும் பள்ளிகளும் பொது நிறுவனங்களும் தம் நூலகப் பட்டியலைப் பொறுத்தவரை இதையே செய்து வந்திருக்கின்றன. அதை ஒரு தவறு என்று எண்ணியவர்களும் மிகச் சிலரே.

நூலகம் யாருடையது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் சட்டமே விடை சொல்லியிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் இத்துறையில் முதன்முதலாக இயற்றப்பட்ட சட்டம். அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கப்படுகிறது. சேலையூரிலோ பெருங்களத்தூரிலோ சிறு வீடொன்று கட்டிக் குடியிருப்பவர், தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் நூலகப் படியேறாதவராயினும், அதன் அலமாரிக்கும் விளக்குக்கும் தம் பங்கைச் செலுத்தியிருக்கிறார். தாம்பரம் 2021இல் மாநகராட்சியாக உயர்ந்த பின்னரும் இந்த ஏற்பாடு மாறவில்லை. ரசீதைக் கூர்ந்து படிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லாததால் இந்த உரிமை பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. கல்லூரி நூலகங்களுக்கு இவ்வரி இல்லை. எனினும் மாணவர் கட்டணத்தாலும் நன்கொடையாளர் ஈகையாலும் வளர்ந்தவை அவை என்பதால், நிருவாகத்தினர் அங்கும் காப்பாளர்களே.

ஒரு நூலகத்தின் உயிர் அதன் பட்டியலில் இருக்கிறது. பட்டியல் இல்லாத நூலகம் வெறும் புத்தகக் கிடங்கு. முன்னாளில் அந்தப் பட்டியல் அட்டைகளாக மரப்பெட்டியின் சிறு இழுப்பறைகளில் இருந்தது. அட்டையைத் தட்டச்சு செய்தவர் ஓய்வு பெற்றாலும், தட்டச்சுப் பொறியை விற்ற கடை மூடப்பட்டாலும், அட்டை அப்படியே இருக்கும். எழுத்தறிந்த எவரும் இழுப்பறையைத் திறந்து படிக்கலாம். கணிப்பொறி வந்ததும் அந்த அட்டைகளெல்லாம் ஒரு மென்பொருளுக்குள் சென்றன. அம்மென்பொருளை விற்ற நிறுவனம் அதன் உள்ளமைப்பை வெளியிடுவதில்லை. நூலகம் வாங்கியது மென்பொருளை அன்று, அதைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் நின்றால் உதவியும் நிற்கும். வேறொரு மென்பொருளுக்கு மாற விரும்பினால், பல்லாண்டுகள் உழைத்துப் பதிவு செய்த விவரங்களை முழுமையாக வெளியே எடுப்பதற்கே மீண்டும் அந்நிறுவனத்தை நாட வேண்டும். நூல்கள் நம் அலமாரியில் இருக்கின்றன. அவை எங்கே இருக்கின்றன என்ற அறிவு மட்டும் வேறொருவர் பூட்டுக்குள் இருக்கிறது.

இடைக்கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். இங்கிலாந்தின் ஹெரஃபோர்டு பேராலயத்தில் அத்தகைய நூலகம் இன்றும் காட்சிக்கு இருக்கிறது. அந்தச் சங்கிலியைக் கண்டு நகைப்பது எளிது. கையால் எழுதப்பட்ட ஒரே படி களவு போகாமல் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அது பூட்டப்பட்டது என்பதையும் நினைக்க வேண்டும். அச்சு வந்து நூல்கள் பெருகிய பின்னும் சங்கிலி மனப்பான்மை நெடுநாள் நீடித்தது. அதை நம் நாட்டில் உடைத்தவர்களுள் முதல்வர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். இன்று தாம்பரத்தின் அடையாளமாக விளங்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில், அக்கல்லூரி 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்வதற்கு முன், ஜார்ஜ் டவுனில் இருந்த நாளில், கணிதம் பயின்றவர் அவர். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியிலும் பயிற்சி பெற்றார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பொறுப்பை ஏற்று, அவ்வாண்டே இலண்டனுக்குச் சென்றார். அங்கே ஒரு கடையில், சிறு உலோகத் துண்டுகளைப் பூட்டிப் பூட்டிப் பலவகைப் பொம்மைகள் செய்யும் மெக்கானோ விளையாட்டைக் கண்டபோதுதான் அவருடைய கோலன் பகுப்புமுறைக்கு வித்து விழுந்தது என்பர். அம்முறையை அவர் 1933இல் நூலாக வெளியிட்டார். அதன் விதிகள், அவ்விதிகளுக்கான காரணங்கள், அவற்றில் தாம் கண்ட குறைகள் அனைத்தையும் அச்சிட்டு உலகின் முன் வைத்தார். பிறர் திருத்தம் கூறினர். அவரும் திருத்திக்கொண்டே இருந்தார். நூலகத்தின் கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதை நூலகர் முழுவதும் அறிந்திருக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை.

கணிப்பொறி யுகத்தில் அந்த மரபை மீட்டெடுத்த பெருமை, வியப்பாக, நியூசிலாந்தின் ஒரு நாட்டுப்புற நூலகத்தைச் சாரும். ஹோரோவெனுவா என்ற அந்த வட்டாரத்தின் தலைமை ஊர் லெவின். அங்கிருந்த நூலக மென்பொருள் பழையது; 2000ஆம் ஆண்டு பிறந்தால் தேதிக் குழப்பத்தில் செயலிழந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. விற்பனைக்கிருந்த புதிய மென்பொருள்களோ விலை மிகுந்தவை. கிளை நூலகங்களை இணைக்கத் தொலைபேசித் தடச் செலவும் அதிகம். எனவே கட்டிப்போ என்ற சிறு நிறுவனத்திடம் தங்கள் தேவைக்கேற்ற மென்பொருளை எழுதித் தருமாறு 1999இல் கேட்டார்கள். சாதாரணத் தொலைபேசி இணைப்பிலேயே இயங்குமாறு அது எழுதப்பட்டு, 2000 சனவரியின் முதல் வாரத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் பின் அவர்கள் எடுத்த முடிவுதான் வரலாறு ஆயிற்று. செலவிட்ட பணத்தைத் திரும்பப் பெற அதை விற்கலாமே என்று எண்ணாமல், மூல நிரலோடு உலகுக்கே திறந்துவிட்டார்கள். அவர்களை வெறும் தியாகிகள் என்று சொல்லிவிடக் கூடாது. ஒரு சிறிய ஊரின் நூலகமும் ஒரு சிறிய நிறுவனமும் தனியாக அதை நெடுங்காலம் பேண முடியாது. பலர் கையில் இருந்தால்தான் அது பிழைக்கும் என்ற கணக்கும் அதில் இருந்தது. நல்ல கணக்கும் நல்ல மனமும் ஒன்றுக்கொன்று பகையாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லையே!

அந்த மென்பொருளுக்கு அவர்கள் இட்ட பெயர் கோஹா. நியூசிலாந்தின் முதுகுடிகளான மாவோரி மக்களின் சொல் அது. விருந்தினர் தம்மை வரவேற்கும் இல்லத்தாருக்கு எடுத்துச் செல்லும் கொடையைக் குறிப்பது. வாங்கிக்கொண்டதோடு முடிந்துபோகும் கொடை அன்று. பின்னொரு நாள் இவர்கள் அங்கே செல்லும்போது திரும்பச் செய்தாக வேண்டியது. தமிழருக்கு இதை விளக்க நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நம் திருமண வீடுகளின் வாயிலில் நோட்டும் பேனாவுமாக ஒருவர் அமர்ந்து எழுதுகிறாரே, அந்த மொய்தான் அது. மொய் எழுதியவர் கடன் கொடுத்தவர் அல்லர்; எனினும் அவர் வீட்டு விசேஷம் வரும்போது நோட்டைப் புரட்டிப் பாராத குடும்பம் உண்டா? மொய்க்கு விலைச்சீட்டு இல்லை. ஆனால் முறை உண்டு. செய்முறை செய்யாமல் விட்டவர்களைப் பற்றி ஊரார் பேசும் பேச்சு எத்தகையது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கோஹாவை நிறுவிக்கொண்ட நம் நூலகங்கள் எத்தனை இந்த மொய் நோட்டைப் புரட்டிப் பார்த்தன?

இங்கே சொற்களைப் பற்றிச் சிறிது பேச வேண்டும். அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் தம் இயக்கத்தை அறிவித்தபோது, ஒரு மென்பொருளை எந்தப் பயனுக்கும் இயக்கவும், அதன் உள்ளமைப்பைக் கற்று மாற்றவும், பிறர்க்குப் படியெடுத்துத் தரவும், மாற்றியதைப் பகிரவும் உரிமை வேண்டும் என்றார். ஆங்கிலத்தில் அவர் தேர்ந்த சொல்லுக்கு 'விடுதலை' என்றும் 'விலையில்லாதது' என்றும் இரு பொருள் இருந்ததால், இது விலை பற்றிய பேச்சன்று என்று அவர் வாழ்நாளெல்லாம் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. தமிழில் அந்தத் தொல்லை இல்லை. 'இலவசம்' வேறு, 'கட்டற்றது' வேறு. இவ்விரண்டுக்குமுள்ள தொலைவை நம் நூலகர்கள் அனுபவத்திலேயே கண்டிருக்கிறார்கள். 1980களிலும் 90களிலும் யுனெஸ்கோ நிறுவனம் சி.டி.எஸ். ஐசிஸ் என்ற மென்பொருளை வளரும் நாடுகளின் நூலகங்களுக்கு விலையின்றிக் கொடுத்தது. இந்திய நூலகங்கள் பலவற்றில் கணிப்பொறிப் பட்டியல் அதில்தான் தொடங்கியது. அது பெரிய உதவி, நன்றியோடு நினைக்கத்தக்கது. ஆயினும் அதன் மூல நிரல் நூலகர் கைக்குத் தரப்படவில்லை. காலம் மாறி, அது இயங்கிய பழைய கணிப்பொறி முறையே வழக்கொழிந்தபோது, பயன்படுத்தியவர்கள் தாமே அதைப் புதுப்பித்துக்கொள்ள வழியில்லை. இலவசமாக வந்ததும் பூட்டியே வரக்கூடும்.

தாம்பரத்தைச் சூழ்ந்த நம் புறநகர்ப் பகுதிக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யூ.–கே.பி.சி. ஆய்வு மையமும், சென்னை சி-டாக் நிறுவனமும் இணைந்து, 2005இல் நடுவண் அரசின் ஆதரவோடு கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தத் தொடங்கின. அம்முயற்சியில் பிறந்த 'பாஸ்' என்ற இயங்குதளம் 2007இல் வெளிவந்தது. டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தை அடித்தளமாகக் கொண்டு இந்திய மொழிகளுக்காக அமைக்கப்பட்டது அது. கோஹாவை நிறுவுவோர் பெரிதும் நாடுவதும் அதே டெபியனைத்தான். ஐதராபாத்தில் உருவான நியூஜென்லிப் என்ற நூலக மென்பொருள் 2008இல் மூல நிரலோடு திறக்கப்பட்டது. 2011இல் கோஹா பயன்படுத்துவோரின் உலக மாநாடு மும்பையை அடுத்த தானேயில் கூடியது. ஆக, நம்மவரிடம் அறிவு இல்லை, வசதி இல்லை என்று சொல்ல இடமில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்தில் போகிறவர் குரோம்பேட்டையைக் கடக்கும்போது, மென்பொருளை எழுதும் திறன் இந்த மண்ணிலேயே இருந்தது, இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம்.

தமிழ் நூல்களைப் பட்டியலிட்டவர்களுக்கு இந்தப் பூட்டின் கொடுமை மேலும் தெளிவாகத் தெரியும். 1990களில் தமிழ் எழுத்துருக்கள் பல இருந்தன. ஒவ்வொன்றும் தன் விருப்பம்போல் எழுத்துகளுக்கு எண் வகுத்துக்கொண்டது. ஓர் எழுத்துருவில் 'அன்னை' என்று தட்டச்சு செய்தது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகக் காட்சியளிக்கும். ஒருங்குறி என்னும் உலகப் பொதுமுறையில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்தும், 1999இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டில் பொதுத் தரங்கள் வகுக்கப்பட்டும், பழக்கம் எளிதில் மாறவில்லை. ஒருங்குறியைத் தமிழக அரசு தன் தரங்களுள் ஒன்றாக ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். அதற்குள் எத்தனையோ உள்ளீட்டாளர்களின் கண்ணும் விரலும் தேய்ந்து உருவான பட்டியல்கள், எழுத்துருவை வடித்தவர் தொழிலை விட்டதும் படிக்க முடியாதவை ஆயின. ஓலைச்சுவடியைக் கரையான் அரிக்க நூறு ஆண்டாவது ஆகும். இவற்றுக்குப் பத்தாண்டுகூடத் தேவைப்படவில்லை.

பெயர்களின் சிக்கல் வேறு. மேலைநாட்டில் எழுதப்பட்ட மென்பொருள், ஒவ்வொரு மனிதருக்கும் குடும்பப் பெயர் ஒன்று இருக்கும் என்று நம்பிக்கொண்டு அதற்கொரு கட்டத்தை ஒதுக்கி வைத்திருக்கும். தமிழருக்கோ ஊர்ப் பெயரும் தந்தை பெயரும் முதலெழுத்துகளாக முன்னே நிற்கின்றன. எஸ். ஆர். ரங்கநாதன் என்பதில் முதலெழுத்து சீர்காழியின் பழைய ஆங்கில வடிவமான ஷியாளியையும், இரண்டாவது தந்தையார் இராமாமிர்தத்தையும் குறிப்பவை. நூலக அறிவியலின் தந்தையைப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் அடைப்பது? நம் துறவியரின் பெயர்கள், வீரமாமுனிவரைப் போல் தமிழ்ப் பெயரும் பிறப்புப் பெயரும் கொண்டவர்கள், புனைபெயரில் எழுதிய புலவர்கள் என்று பட்டியல் நீளும். மூல நிரல் பூட்டியிருந்தால் விற்பனையாளருக்கு விண்ணப்பம் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். தமிழ் வாடிக்கையாளர் சிலருக்காக அவர் மெனக்கெட வேண்டிய கட்டாயம் இல்லை. நிரல் திறந்திருந்தால் நமக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், மாற்றியதை அடுத்த நூலகத்துக்கும் கொடுக்கலாம். மாற்றத் தெரிந்தவர் வேண்டும் என்பது வேறு செய்தி. அதற்குப் பின்னர் வருகிறேன்.

திருச்சபையின் சமூகப் போதனையில் இதற்கு இடமுண்டா என்று கேட்கும் வாசகர்கள் உண்டு. மண்ணின் வளங்கள் மாந்தர் அனைவருக்காகவும் படைக்கப்பட்டவை, தனியுடைமை அந்தப் பொதுநோக்கத்துக்கு உட்பட்டது என்பது நாம் நெடுங்காலமாகக் கேட்டு வரும் போதனை. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1991இல் வெளியிட்ட நூற்றாண்டுச் சுற்றுமடலில் ஒரு படி மேலே சென்று, நம் காலத்தில் நிலத்துக்கு நிகரான மற்றொரு சொத்து தோன்றியிருக்கிறது, அது அறிவும் தொழில்நுட்பமும் திறனுமே என்று சுட்டிக்காட்டினார். கணிப்பொறி நம் ஊர்களில் அரிதாக இருந்த நாளில் எழுதப்பட்ட வரிகள் அவை! மற்றொரு சான்றும் உண்டு. 1475இல் நிறுவப்பட்ட வத்திக்கான் நூலகம், தன்னிடமுள்ள ஏறத்தாழ 80,000 கையெழுத்துச் சுவடிகளைப் படமெடுத்துப் பாதுகாக்க முற்பட்டபோது, எந்த நிறுவனத்தின் தனியுடைமையிலும் அடங்காத ஃபிட்ஸ் என்ற கோப்பு முறையைத் தேர்ந்தது. வானியலார் தங்கள் விண்மீன் படங்களைப் பகிர்ந்துகொள்ள வகுத்துக்கொண்ட திறந்த முறை அது. நிறுவனங்கள் தோன்றி மறையும். சுவடிகளோ அவற்றைக் கடந்து நிற்க வேண்டும் என்ற கவலைதான் அந்தத் தேர்வுக்குக் காரணம். ஐந்நூறு ஆண்டு நூலகத்துக்கு இந்தக் கவலை இயல்பாக வருகிறது. ஐந்தாண்டுத் திட்டத்தில் சிந்திப்பவர்களுக்கு வருவது அரிது.

அவ்வாறாயின் விலைக்கு மென்பொருள் விற்பவர் பாவியா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. உழைப்பவர் கூலிக்கு உரியவர். இரவு பகலாக எழுதிய நிரலுக்கு விலை கேட்பதும், அந்த விலையில் தம் பிள்ளைகளைப் படிக்கவைப்பதும் நேர்மையான வாழ்வே. நான் குறை காண்பது விற்பவரை அன்று. பிறர் பொருளுக்குக் காப்பாளராக இருந்துகொண்டு, சாவியில்லாப் பூட்டை வாங்கிய நிருவாகத்தினரைத்தான். தம் வீட்டுக்கு எந்தப் பூட்டை வாங்கினாலும் அது அவர் விருப்பம். ஊராரின் பெட்டிக்குப் பூட்டு வாங்கும்போது மாற்றுச் சாவி உண்டா என்று கேட்பது அவர் கடமை.

இனி, கட்டற்ற மென்பொருளின் பக்கமுள்ள அநீதியையும் பேசியாக வேண்டும். ஏனெனில் நம் நிறுவனங்களில் மிகுதியாக நடப்பது இதுவே. மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை என்று கேட்டதும் நிருவாகக் குழுவின் முகம் மலர்கிறது. அந்தத் தலைப்பில் ஒதுக்கிய பணம் வேறொன்றுக்குத் திருப்பப்படுகிறது. மென்பொருளை நிறுவுவது, சர்வரைப் பேணுவது, நாள்தோறும் படியெடுத்து வைப்பது, புதிய பதிப்பு வரும்போது மாற்றுவது, பழைய விவரங்களைத் திருத்துவது ஆகிய அனைத்தும் ஏற்கெனவே குறைந்த ஊதியத்தில் நூல் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கும் நூலகரின் தலையில் விழுகின்றன. அவர் மாலையில் வீட்டுக்குப் போன பின்னும், விடுமுறை நாளிலும், தாமே கற்று, பிற ஊர் நூலகர்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்கிறார். ஆண்டறிக்கையிலோ 'செலவின்றி நவீனமயமாக்கினோம்' என்று அச்சாகிறது. செலவில்லாமலா போயிற்று? அந்தச் செலவை நூலகர் தம் உறக்கத்திலிருந்து செலுத்தினார். உரிமக் கட்டணத்தில் மிச்சப்பட்ட தொகையில் ஒரு பகுதியாவது அவருடைய பயிற்சிக்கும் ஊதியத்துக்கும் போகவில்லையென்றால், அந்நிறுவனம் தேர்ந்தது கட்டற்ற மென்பொருளையன்று, கூலியில்லா வேலையாளை. நியூசிலாந்தில் அந்தக் கொடையை உருவாக்கிய நிரலாளர்களுக்கு நூலகம் கூலி கொடுத்தது என்பதை இத்தகைய நிருவாகத்தினர் ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். திறந்து வைத்தது நிரலைத்தான்; உழைப்பை எவரும் இலவசமாகக் கேட்கவில்லை.

இதன் விளைவும் கண்கூடு. ஆர்வமுள்ள ஓர் இளைஞர் கோஹாவை நிறுவுகிறார். இரண்டாண்டு ஒழுங்காக நடக்கிறது. நல்ல வேலை கிடைத்து அவர் வெளியூர் போகிறார். கணிப்பொறி பழுதாகிறது. எவருக்கும் எதுவும் தெரியவில்லை. 'இதற்குத்தான் காசு கொடுத்து வாங்கியிருக்க வேண்டும்' என்று முதியவர்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள். பூட்டின் சாவி கையிலேயே இருந்தும், திறக்கத் தெரிந்தவர் ஒருவரை மட்டும் வைத்திருந்ததன் பலன் இது.

கொடையாக வந்ததை வேலி போட்டு வளைக்கும் ஆசையும் உலகில் இல்லாமல் இல்லை. கோஹாவுக்கு ஆதரவுப் பணி செய்து வளர்ந்த லிப்லைம் என்ற அமெரிக்க நிறுவனம், ஒரு கட்டத்தில் தனக்கென ஒரு தனிப் பதிப்பை அமைத்துக்கொண்டு, பொதுமுயற்சியிலிருந்து விலகி நடந்தது. பழைய இணைய முகவரியும் அந்நிறுவனத்தின் கையில் இருந்ததால், உலகெங்குமுள்ள பயனாளர்கள் 2010இல் புதிய முகவரிக்குக் குடிபெயர்ந்தனர். 2011இல், அப்பெயரையே நியூசிலாந்தில் தன் வணிக முத்திரையாகப் பதிவு செய்ய அந்நிறுவனம் முயன்றது தெரிந்தபோது, கொடை கொடுத்த அந்தச் சிறு நூலகமே வழக்காட உதவி கேட்டு உலகை நோக்கிக் கையேந்த நேர்ந்தது. ஒரு பழங்குடிச் சொல், அதுவும் கொடையைக் குறிக்கும் சொல், ஒரு நிறுவனத்தின் உடைமை ஆவதா என்று பலநாட்டு நூலகர்கள் கொதித்தெழுந்தனர். இத்தனைக்கும் நடுவில் மென்பொருள் அழியவில்லை. அதன் மூல நிரல் ஆயிரம் இடங்களில் இருந்தது. உரிம விதி அதைத் திரும்பப் பூட்ட இடம் தரவில்லை. பூட்டிய மென்பொருளுக்கு இப்படியொரு சண்டை வந்திருந்தால் நூலகங்கள் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்திருக்கும்.

நூல் எடுத்துச் செல்பவர்களைப் பற்றியும் ஒரு சொல். யார் எந்த நூலை எப்போது எடுத்தார் என்ற விவரம் இன்று கணிப்பொறியில் சேர்கிறது. நோயைப் பற்றியும் மணமுறிவைப் பற்றியும் நம்பிக்கையில் எழும் ஐயங்களைப் பற்றியும் ஒருவர் தனியே படிக்க விரும்பலாம். அந்த விவரத்தை ஒப்புரவு அருளடையாளத்தின் இரகசியத்தோடு ஒப்பிட நான் துணியேன். எனினும் அது அவருடைய அகவாழ்வின் ஒரு பகுதி என்பதில் ஐயமில்லை. திரும்பி வந்த நூலோடு எடுத்தவரின் பெயரையும் பிரித்து அழித்துவிடும் வசதி கோஹாவில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்வது நூலகத்தின் கையில். வெளியார் சர்வரில் விவரம் இருக்குமானால் அந்த முடிவே நம்முடையதாக இருக்காது.

2015 திசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. வெள்ளம் வடிந்த பின் வீட்டுக்கு வீடு நனைந்த பாடநூல்களை மொட்டை மாடியில் காயவைத்த காட்சி இப்பகுதியினருக்கு மறக்காது. நூல் நனைந்தால் சிலவற்றையாவது காயவைக்கலாம். தரைத்தளத்து மேசைக்கடியிலிருக்கும் கணிப்பொறி நனைந்தால், வேறோரிடத்தில் படி இல்லாதவரை, பட்டியல் முழுவதும் போகும். தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் வட்டாரத்தில் நம் பள்ளிகளும் துறவற இல்லங்களும் பங்குகளும் தனித்தனியே சிறு நூலகங்களை வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் தனிக் கணிப்பொறி, தனி ஆள் என்று திணறுவதைவிட, எல்லாம் சேர்ந்து ஒரே கோஹாவை வைத்துக்கொண்டு, படிகளை இரண்டு மூன்று ஊர்களில் பிரித்து வைத்து, அதைப் பேண முறையான ஊதியத்தில் ஒருவரை அமர்த்தலாம். ஒரே மென்பொருளில் பல நூலகங்கள் கிளைகளாக இயங்க அதில் வழியிருக்கிறது. பெயர்ச் சிக்கலுக்கும் தமிழ்த் தேடலுக்கும் அவர் காணும் தீர்வுகளைத் தமிழில் ஒரு கையேடாக எழுதி வெளியிட்டால், அது நாம் எழுதும் மொய்யாக இருக்கும்.

இதைச் சொன்னால் முதலில் எழும் எதிர்ப்பு எது என்பது எனக்குத் தெரியும். பணத்தைப் பற்றியதாக அது இருக்காது. எங்கள் நூல்களை அந்தப் பள்ளி மாணவர் ஏன் எடுக்க வேண்டும், நிருவாகக் கடவுச்சொல் எந்த இல்லத்தில் இருக்கும், கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் யார் என்பதாகவே இருக்கும்.